நான் கத்தாத வருஷம்

ஜன்னல் பக்கம் நீங்களே இருங்க அண்ணாச்சி. எனக்குக் காத்து வேண்டாம். திருநெல்வேலி வரைக்கும்தான? நானும் அங்கதான். ஒண்ணேகால் மணி நேரம் ஆவும், இவம் இப்பிடி உருட்டுனா ஒண்ணரை.

ஆமா, ஆடினவன்தான். இந்தப் பேண்ட்டைப் பாத்துக் கேக்கிய. இது மில்லு டீம்ல கொடுத்தது. லெஃப்ட் கார்னர் ஆடினேன், காலைப் பிடிக்கிற வேலை. இந்தச் சுண்டு விரல் மடங்காது பாருங்க, அதுல வந்ததுதான். இப்ப ஆடல, பயல்களுக்குச் சொல்லிக்கொடுக்கேன். கபடி பாப்பியளா? டிவில பாப்பிய. அப்ப சித்திரைவேல்னு ஒரு ஆளைக் கேள்விப்பட்டிருக்க மாட்டிய. கேள்விப்பட்டிருக்கணும். கேள்விப்படாமப் போனதுக்கு நான்தான் காரணம்.

நான்தான்னா முழுசா நான்னு சொல்லக்கூடாது. ஒரு பங்கு. மொத்தமே மூணு மேட்சு விஷயம்.

அவனைப் பாத்துட்டுத்தான் இப்ப வாரேன், குரும்பூர்ல இருந்து. மனசு சரியில்ல. ஒங்களுக்குத் தூக்கம் வந்தா தூங்குங்க, நான் பாட்டுக்குச் சொல்லிட்டு வாரேன்.

எங்களுக்குத் தேரி ஓரத்துல மேலப்புதுக்குளம். செம்மணலுக்கு இந்தப் பக்கம் ஊரு, அந்தப் பக்கம் ஒண்ணும் கெடையாது. சித்திரையும் நானும் ஒண்ணாங்கிளாஸ்ல இருந்து ஒரே பெஞ்சு. எனக்குப் பேரு லிங்கதுரை, சொல்லலையே நான். எங்களுக்குப் பி.டி. வாத்தியார் எபனேசர் சார். அவங்கதான் எங்க ஊரு டீமை உண்டாக்குனாவ. சித்திரைக்கு ரைடு, பாடிப் போறது. எனக்குப் பிடிக்கிறது.

அவம் ரைடு போறதை நீங்க பாத்திருக்கணும். ஆளு ஒல்லி. தோள் கெடையாது, தொடை கெடையாது. நாலு தப்படி நடப்பான், ஏதோ தண்ணி குடிக்கப் போறவன் மாதிரி. எதிராளி என்ன இவம்னு நெனைக்கதுக்குள்ள காலைத் தொட்டுட்டு இங்க வந்து நிப்பான். எங்களுக்கு இருபத்திமூணு வயசு, அந்த வருஷம் தை பிறந்து ஆனி முடிய, பதினெட்டு ஊர்ல ஆடினோம். பதிமூணு ஊர்ல கப்பு எங்களுக்கு. சாத்தான்குளத்துல ஒரே ரைடுல நாலு பேரைத் தூக்கிட்டு வந்தான். கூட்டம் கயித்தை அத்துட்டு உள்ள வந்துட்டு.

இப்ப நான் சொல்லப்போறதுதான் விஷயம். கொஞ்சம் கவனமாக் கேளுங்க.

ரைடு போறவன் ஒரு மூலையைப் பாத்துப் போனா, அவம் முதுகுப் பக்கம் என்ன நடக்குன்னு அவனுக்குத் தெரியாது. மத்த மூலையில நிக்கிறவனுங்க ரெண்டு பேரு கையைக் கோர்த்துக்கிட்டு, சங்கிலி மாதிரி, பின்னால சுத்தி வருவானுங்க. அவம் திரும்புறதுக்குள்ள வழியை அடைச்சிருவானுங்க. நல்ல நல்ல ரைடரெல்லாம் அங்கதான் மாட்டுறது. சித்திரை மாட்ட மாட்டான். ஏன்னா எங்க பக்கத்துக் கோட்டை ஒட்டி நான் நிப்பேன். இடப்பக்கம் சங்கிலி கெளம்புச்சுன்னா 'ஏய்'னு ஒரு சத்தம். வலப்பக்கம்னா 'ஓய்'. அவ்வளவுதான். எனக்குத் தொண்டை அப்பிடி. பனங்காட்டுல இந்தக் கோடியில இருந்து கூப்பிட்டா அந்தக் கோடியில எங்கய்யா திரும்பிப் பாப்பாவ. ஆயிரம் பேரு விசில் அடிச்சாலும் அந்தச் சத்தம் தனியாப் போவும். அவனுக்கு அது காதுல விழுந்துட்டா யோசிக்க மாட்டான். கால் தானாத் திரும்பும்.

இது எப்ப ஆரம்பிச்சதுன்னு எங்க ரெண்டு பேருக்குமே தெரியாது. பேசி வச்சுக்கிட்டது கெடையாது. ஒருத்தர்கிட்டயும் சொன்னதும் கெடையாது. கபடியில எல்லாரும்தான கத்துதாவ.

அந்த வருஷம் ஆனிக் கடைசியில எங்க ஊரு பள்ளிக்கூட மைதானத்துல பாராட்டு விழா வச்சாவ. ஒரு மில்லுல இருந்து ஆள் வந்திருந்தாவ. பேரு வேண்டாம், இன்னைக்கும் அதுலதான் நான் சோறு திங்கேன். அவங்க டீமுக்கு ரைடர் வேணும். "அடுத்த சீசனும் இதே மாதிரி ஆடட்டும், வேலை போட்டுத் தாரோம்"னு எபனேசர் சார்கிட்டச் சொல்லிட்டாவ. ஊரே சந்தோஷமா இருந்துச்சு. நானும் சந்தோஷமாத்தான் இருந்தேன். சட்டையைத் தேய்ச்சுப் போட்டுக்கிட்டு முன் வரிசையில நின்னேன்.

சித்திரைய மைக்குல பேசச் சொன்னாவ. அவனுக்குப் பேச வராது. எபனேசர் சாருக்கு நன்றின்னான். அவங்க அம்மைக்கு. தினம் முட்டை அவிச்சுக் கொடுத்த டீக்கடை பெருமாளுக்கு. ஷூ இரவல் கொடுத்த மாலைராஜாவுக்கு. சுண்ணாம்பு வாங்கிக் கோடு போட்டவரு பேரைக்கூடச் சொன்னான். நான் நிக்கேன், முன்னால. அவம் என்னையப் பாத்துக்கிட்டேதான் பேசுதான். இப்ப வரும், இப்ப வரும்னு நிக்கேன். "எல்லாருக்கும் வணக்கம்"னு இறங்கிட்டான்.

இறங்கி நேரா எங்கிட்ட வந்து தோள்ல கையைப் போட்டு, "எப்பிடிலே பேசினேன்?"னு கேட்டான்.

"நல்லாப் பேசின"ன்னேன்.

அவ்வளவுதான் அண்ணாச்சி. இதுக்கு மேல ஒண்ணும் கெடையாது. நீங்க பெருசா ஏதோ எதிர்பாத்திருப்பிய, பொம்பளை விஷயம், நெலத்தகராறுன்னு. அதெல்லாம் இருந்திருந்தாச் சொல்லிக்கிடலாம். ஒரு பேரு. ஒரு பேரைச் சொல்லல.

ஐப்பசியில அவனுக்குக் கல்யாணம். பொண்ணு குரும்பூர், செண்பகம்னு பேரு. மாப்பிள்ளைத் தோழன் நான்தான். நல்லாத்தான் இருந்தோம். நான் மனசுல ஒண்ணும் வச்சுக்கிடல. வச்சுக்கிடலன்னுதான் நெனச்சிருந்தேன்.

அடுத்த தையில மொத மேட்சு உடன்குடியில. மொத ரைடு அவம் போறான். வலது மூலையைப் பாத்துப் போறான். இடப்பக்கம் ரெண்டு பேரு கையைக் கோர்க்கானுங்க, எனக்கு நல்லாத் தெரியுது. வாயைத் தொறந்துட்டேன். மூச்சும் வந்துட்டு. அப்ப என்னமோ ஒண்ணு, 'எம் பேரு தெரியாதுல்லா ஒனக்கு'ன்னு உள்ள ஒண்ணு சொல்லுச்சு. வாயை மூடிக்கிட்டேன். அமுக்கிட்டானுங்க. அஞ்சு பேரு அவம் மேல.

ஒங்ககிட்ட மறைக்கதுக்கு என்ன இருக்கு. எனக்கு ஒரு இனிப்பா இருந்துச்சு.

அன்னைக்கு நான் பிடிச்ச பிடியில ஜெயிச்சுட்டோம். நாலு பிடி பிடிச்சேன். அதனால ஒருத்தரும் பெருசா எடுத்துக்கிடல. அடுத்தது ஆறுமுகநேரி. அங்க போகும்போது, சரி இன்னைக்குக் கத்திரணும்னுதான் போனேன். ஆனா ரைடு போறதுக்கு முன்னால அவம் எங்கிட்ட வந்து, "நல்லாக் கத்துலே, போன தடவ கேக்கல"ன்னான். அதிகாரமாச் சொல்லல. சும்மாத்தான் சொன்னான். ஆனா எனக்கு அது அதிகாரமாக் கேட்டுச்சு. கத்தல. ரெண்டு தடவ மாட்டினான்.

பொறவு அது பழகிட்டு. ஒண்ணு செய்யுறதை நிறுத்துறது கஷ்டம். செய்யாம இருக்கிறது பழகிட்டா அதை நிறுத்துறது அதைவிடக் கஷ்டம். சும்மா வாயை மட்டும் அசைப்பேன். மூணு மேட்சுன்னு சொன்னேன்ல, அஞ்சு இருக்கும்.

ஊரு பேச ஆரம்பிச்சுட்டு. போன வருஷம் ஒரு மேட்சுக்குப் பன்னெண்டு பதிமூணு பாயிண்டு எடுத்தவன், இந்த வருஷம் நாலு, மூணு. மாட்டிட்டா வெளியில உக்காரணும்லா, பாதி நேரம் வெளியிலதான் உக்காந்திருந்தான். கல்யாணம் ஆனதுல கால் கனத்துட்டுன்னாவ. மாமியார் வீட்டு மீன்ல வயிறு போட்டுட்டுன்னாவ. எதிர் டீமெல்லாம் அவம் ஆட்டத்தைப் படிச்சுட்டானுங்கன்னாவ. மில்லு வேலை வருதுன்னதும் தலைக்கனம் ஏறிட்டுன்னு ஒரு கூட்டம். அவங்க அம்மை மொளகா சுத்திப் போட்டா. அந்தப் பொண்ணு செண்பகத்தை ராசி இல்லாதவன்னு சொல்லி அந்தம்மா ஒரு வாரம் பேசாம இருந்தா. எபனேசர் சாரு கால் பயிற்சியை மாத்திப் பாத்தாவ. எல்லாரும் அவம் காலைத்தான் பாத்தாவ. எம் வாயை ஒருத்தரும் பாக்கல.

அவம் என்ன செஞ்சான்னா, மத்தியானம் பன்னெண்டு மணிக்குத் தேரியில ஓடுவான். செம்மணல், வெறுங்கால். வெயில்ல அந்த மணல்ல கால் வைக்க முடியாது அண்ணாச்சி. நானும் கூட ஓடுவேன். அவம் மட்டும் ஓடட்டும்னு விட மனசு வரல. இதையும் சொல்லணும்லா. நான் கெட்டவனா இருந்தா கூட ஓடியிருப்பேனா?

ஒரு நாள் ஓடி முடிச்சு ஒரு பனை நிழல்ல உக்காந்திருக்கோம். சித்திரை சொல்லுதான், "லே லிங்கதுரை, ஒரு விஷயம். ஒருத்தர்கிட்டயும் சொல்லக்கூடாது."

"என்ன?"

"எனக்குக் காது போயிட்டுலே."

எனக்கு மொதல்ல ஒண்ணும் வெளங்கல.

"நீ கத்துறது கேக்கவே மாட்டேங்கு. கூட்டத்துச் சத்தம் எல்லாம் கேக்கு. ஒஞ்சத்தம் மட்டும் கேக்கல. நீ வாயைத் தொறக்கதை ஒரு தடவ ஓரக்கண்ணால பாத்தேன். ஆனா கேக்கல. மெல்லிசான சத்தம் எல்லாம் மொதல்ல போவும்னு ஒருத்தர் சொன்னாவ. அதாயிருக்குமோ?"

அவம் எம் மேல சந்தேகமே படல. ஒரு துளி சந்தேகப்பட்டிருந்தா நான் சண்டை போட்டிருப்பேன். சண்டையில எல்லாம் வெளிய வந்திருக்கும். 'ஆமாலே, கத்தலலே, எம் பேரைச் சொன்னியாலே'ன்னு சட்டையைப் பிடிச்சிருப்பேன். ரெண்டு நாள் பேசாம இருந்துட்டு மூணாவது நாள் சேந்திருப்போம். அவம் காதைச் சந்தேகப்படுதான். காலைச் சந்தேகப்படுதான். என்னையப் படல.

"நான் கத்திக்கிட்டுதான்லே இருக்கேன்"ன்னு சொன்னேன்.

சொன்னேன். மேட்ச்ல வாயை மூடிக்கிட்டு இருந்ததைக்கூட விட்டுருங்க. இதை வாயைத் தொறந்து சொன்னேன்.

அந்த வாரமே பாளையங்கோட்டையில ஒரு காது டாக்டர்கிட்ட நாந்தான் கூட்டிட்டுப் போனேன். வீட்டுல ஒருத்தருக்கும் தெரியாது. ஒரு கண்ணாடி ரூம்புல உக்கார வச்சு, காதுல பெருசா ஒண்ணை மாட்டிவிட்டாவ. சத்தம் கேட்டா விரலைத் தூக்கணும், அவ்வளவுதான். நான் வெளியில பெஞ்சுல உக்காந்து கண்ணாடி வழியாப் பாக்கேன். மிஷின்ல ஒரு பொம்பளை பித்தானை அமுக்குதாவ. எனக்கு ஒண்ணும் கேக்கல. அவம் விரலைத் தூக்குதான். திரும்ப அமுக்குதாவ. தூக்குதான். கண்ணை மூடிக்கிட்டு, பரீட்சை எழுதுற பய மாதிரி அவ்வளவு கவனமா உக்காந்திருக்கான். ஒண்ணுகூட விடல. எனக்குப் பெஞ்சுல இருக்க முடியல. எந்திரிச்சு வெளிய போயிட்டேன்.

டாக்டர் சொல்லிட்டாவ, "ரொம்ப நல்ல காது தம்பி, ஒரு கொறையும் கெடையாது"ன்னு. வெளிய வந்தான். மூஞ்சியைப் பாத்தேன். காது போயிட்டுன்னு சொல்லியிருந்தா அவ்வளவு வாடியிருக்க மாட்டான்.

திரும்பி பஸ்ஸுல வாரோம். இதே ரோடுதான், இந்தத் தாமிரவருணிக் கரையோரம் வரும்போது சொன்னான், "அப்ப பயம்தாம்லே எனக்கு. பயத்துல காது அடைக்கி. எங்கப்பனும் அப்பிடித்தான். ஒண்ணுன்னா நடுங்குவாரு."

நான் என்ன சொல்லணும்? நீங்களே சொல்லுங்க. "சரியாயிரும்லே"ன்னேன்.

மறு மேட்சுல இருந்து கத்த ஆரம்பிச்சேன் அண்ணாச்சி. சத்தியமா. தொண்டை கிழியக் கத்தினேன். இனி ஒழுங்கா இருப்போம்னு முடிவு பண்ணிட்டேன். ஆனா அது போயிட்டு. முன்ன 'ஏய்'னா கால் தானாத் திரும்பும்லா, இப்ப அவம் நின்னு யோசிக்கான். இது நெசச் சத்தமா, பயத்துல கேக்குறதான்னு யோசிக்கான். யோசிச்சுட்டுத் திரும்பி என்னையப் பாக்கான். ரைடு போறவன் சொந்தக் கோட்டைத் திரும்பிப் பாத்தா முடிஞ்சிட்டுல்லா. பாதித் தரை தாண்ட மாட்டான். கோட்டைத் தொட்டுட்டு வெறுங்கையா வந்துருவான். கூட்டம் கூ கூன்னு கத்தும்.

ஏரல்ல கடைசி மேட்சு. மில்லுல இருந்து மூணு பேரு வந்து நாக்காலி போட்டு உக்காந்திருக்காவ. மூணு ரைடு போனான். மூணும் வெறுங்கை. நாலாவது ரைடுக்கு எபனேசர் சாரு அவனைப் பாத்துக் கையைக் காட்டுதாவ. அவம் போகல. பனியனைக் கழட்டி மடிச்சு, சாரு பக்கத்துல வச்சுட்டு, "வேற ஆளை அனுப்புங்க சார், எனக்கு முடியல"ன்னு தள்ளிப் போய் உக்காந்துட்டான். இருபத்தினாலு வயசு. பொறவு அவம் கபடித் தரையில கால் வைக்கல.

அன்னைக்கு நான் ஏழு பிடி பிடிச்சேன். ரைடு போற ஆளு சரியில்லன்னா பிடிக்கிறவனுக்குத்தான வேலை அதிகம். மில்லுக்காரவ எபனேசர் சாரைக் கூப்பிட்டு, அந்த லெஃப்ட் கார்னர் பையனைத் தாங்கன்னு கேட்டாவ.

அதுக்காகச் செஞ்சேன்னு நெனைச்சிராதீய. எனக்கு அப்பிடி ஒரு எண்ணமே கெடையாது. அது தானா வந்தது. வேண்டாம்னு சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்கணும். எங்க வீட்டுல ரெண்டு தங்கச்சி. சொல்லல. எனக்குப் பெட்டி தூக்கிட்டு பஸ் ஏத்திவிட வந்தது யாருன்னு நெனைக்கிய? சித்திரைதான். "ஒருத்தனாவது போனமேலே"ன்னான்.

எபனேசர் சாரு மட்டும் அன்னைக்கு ஒண்ணு கேட்டாவ. "லிங்கதுரை, வருஷத் தொடக்கத்துல ஒனக்குத் தொண்டையில ஏதும் கோளாறா?" "சளி சார்"னேன். கொஞ்ச நேரம் என்னையவே பாத்தாவ. பொறவு மில்லு வேலைக் கடுதாசியில கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டாவ. இப்ப அவங்க உயிரோட இல்ல.

பத்தொம்பது வருஷம் ஆயிட்டு. சித்திரை மாமனார் ஊரோட குரும்பூருக்கே வந்துட்டான். வாழைத்தார் மண்டியில லோடு வண்டி ஓட்டுதான். நல்லாத்தான் இருக்கான். வருஷத்துக்கு ஒரு தடவ கல்யாணம் கருமாதியில பாத்துக்கிடுவோம். எனக்கும் இதெல்லாம் மறந்துதான் போயிருந்துச்சு. மறக்கலன்னே வச்சுக்கிடுங்க. ஓரமா இருந்துச்சு.

போன மாசம் நாசரேத்துல ஒரு கல்யாணம். செண்பகம் வந்திருந்தா. எங்கிட்ட வந்து, "அண்ணே, நீங்கதான் அவுககிட்டப் பேசணும்"னா. அவங்களுக்கு ஒரே பொண்ணு, இலக்கியா, ஒம்பதாங்கிளாஸ். நல்லா ரைடு போறாளாம். ஜில்லா டீம்ல எடுத்துட்டாவளாம். அப்பன் கையெழுத்து வேணும். இவம் போட மாட்டேங்கான். ஏன்னு கேட்டா, "பயம் எங்க ரத்தத்துலயே இருக்கு. எங்கப்பனுக்கு இருந்துச்சு, எனக்கு இருந்துச்சு. அவ அத்தனை பேரு முன்னால நடுங்கிப் போய் நிக்கதை என்னால பாக்க முடியாது"ங்கானாம். அந்தப் பிள்ளை ஒரு வாரமா அழுதுக்கிட்டு இருக்காம்.

அன்னைக்குச் சாப்பாடு எறங்கல எனக்கு. ஒரு மாசம் தள்ளிப் போட்டு, இன்னைக்குத்தான் கெளம்பி வந்தேன். நாளைக்குத் திங்கக்கிழமை, படிவம் கொடுக்கக் கடைசி நாளு. சொல்லிருவோம்னு வந்தேன்.

வீட்டுக்குப் போனதும் அவனுக்குத் தலைகால் புரியல. "ஏ செண்பகம், யாரு வந்திருக்கான்னு பாரு"ன்னு கத்துதான். தொப்பை போட்டு, தலை நரைச்சு ஆளே மாறிட்டான். மீன் வாங்கப் போறேன்னு கெளம்புனவனைப் பிடிச்சு உக்கார வச்சேன். அந்தப் பிள்ளை வாசப்படியில உக்காந்து படிச்சுக்கிட்டிருந்தா.

சொன்னேன். ஒங்ககிட்டச் சொன்ன மாதிரி இவ்வளவு வரிசையா வரல. "லே சித்திரை, ஒங்காதுலயும் கோளாறு கெடையாது, ஒனக்குப் பயமும் கெடையாது. நான் கத்தலலே. உடன்குடியில இருந்து கத்தல. வேணும்னேதான் கத்தல. விழாவுல நீ எம் பேரைச் சொல்லலன்னு"ன்னேன்.

அவம் எந்த விழாங்கான். பள்ளிக்கூடத்துல, மைக்குல பேசினியேன்னேன். "நான் மைக்குல பேசினேனா?"ங்கான். ஞாபகமே இல்ல அவனுக்கு.

பொறவு சிரிச்சான். கண்ணுல தண்ணி. "செண்பகம், இங்க வா. இவம் சொல்லுததைக் கேளு. பிள்ளைக்குக் கையெழுத்து வாங்கணும்னு பழியைத் தூக்கித் தன் தலையில போட்டுக்கிடுதான்"ன்னான்.

"இல்லலே, நெசமாத்தான் சொல்லுதேன்."

"யாருகிட்டக் கதை விடுத? நீ கத்துறதை நான் திரும்பித் திரும்பிப் பாத்தேன்லா. கழுத்து நரம்பு பொடச்சு, மூஞ்சி செவந்து, அப்பிடிக் கத்துன. கேட்டுச்சுலே. கேட்டும் எனக்குக் கால் எழும்பல."

"அது பொறவுலே. டாக்டரைப் பாத்ததுக்குப் பொறவு."

"ஒரு பேருக்காவ நீ அப்பிடிச் செய்யக்கூடிய ஆளா?" அப்பிடின்னு எங்கையைப் பிடிச்சுக்கிட்டான். "தேரியில கால் வெந்து எங்கூட ஓடுனவம் நீ. எங்கூட ஆஸ்பத்திரிக்கு வந்தவம் நீ. போதும்லே. சாப்பிடு."

நான் ரெண்டாவது தடவ சொல்லியிருக்கணும் அண்ணாச்சி. மூணாவது தடவயும் சொல்லியிருக்கணும். கையைப் பிடிச்சுக்கிட்டு அப்பிடிப் பாக்கான். என்னைய எவ்வளவு பெரிய மனுசனா நெனச்சு வச்சிருக்கான் பாருங்க. அதை எங்கையால ஒடைக்கணுமான்னு ஒரு நிமிஷம் இருந்துட்டேன். அந்த ஒரு நிமிஷத்துல செண்பகம் இலையைப் போட்டுட்டா. ஊளி மீன் கொழம்பு. ரெண்டு தடவ வாங்கிச் சாப்பிட்டேன்.

கையெழுத்தையாவது போடுலேன்னு கேட்டேன். "அதை மட்டும் கேக்காத"ன்னுட்டான்.

கெளம்பும்போது செண்பகம் ஒரு பை நெறையக் கோழிக்கூடு வாழைப்பழம் கட்டி, "மாமாவைப் பஸ் ஏத்திவிட்டுட்டு வாட்டி"ன்னு பிள்ளைகிட்டக் கொடுத்தா. வீட்டுல இருந்து ரோட்டுக்குப் பத்து நிமிஷ நடை. பாதி தூரம் நடந்துட்டோம். பொறவு கேக்கு, "மாமா, அது நெசமா?"

"எது?"

"நீங்க கத்தலன்னது."

சின்னப் பிள்ளை, சும்மா சொன்னேன்னு சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். வாய் வரைக்கும் வந்துட்டு. அது என்னையப் பாத்த பார்வையில சொல்ல முடியல. "நெசம்தாம்மா"ன்னேன்.

"எத்தனை மேட்சு?"

"அஞ்சு இருக்கும்."

அது நடக்காம நின்னு எம் மூஞ்சியவே பாத்துச்சு.

"ஒம்பது"ன்னேன். ஒம்பதுதான் அண்ணாச்சி. ஒங்ககிட்டயும் கொறைச்சுத்தான் சொன்னேன்.

"ஆஸ்பத்திரிக்கு முன்னாடி ஒம்பது மேட்சு கத்தல. பொறவு கத்துனிய. அப்பா திரும்பிப் பாத்தது பொறவு. அப்பிடித்தான?"

"அப்பிடித்தான்."

"அப்ப எங்கப்பாவுக்குப் பயம் கெடையாது."

எங்கிட்டக் கேக்கல அது. அதுவா சொல்லிக்கிடுச்சு. கணக்குப் போட்டு விடை வந்த மாதிரி. நான் தலையைத் தலையை ஆட்டுதேன்.

"இன்னொரு தடவ வந்து சொல்லுங்க மாமா. இப்பமே."

"பஸ்ஸு வந்துட்டும்மா"ன்னேன். வந்துட்டுதான். இந்த பஸ்ஸுதான், வளைவுல ஹாரன் அடிச்சுட்டு வருது. அடுத்த பஸ்ஸு அரை மணி நேரத்துல உண்டு. அது அந்தப் பிள்ளைக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"சரி, நான் சொல்லிக்கிடுதேன்"னுச்சு.

பஸ்ஸு நின்னுச்சு. நான் படியில ஏறிட்டுக் கையை நீட்டுதேன், பைக்கு. அது பையை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு நிக்கு. தரல. கோவமா எல்லாம் இல்ல. வெறுமனே தரல. நானும் கேக்கல. கண்டக்டர் விசில் அடிச்சுட்டாரு.

திரும்பிப் பாத்தேன். ரோட்டை விட்டு எறங்கி வீட்டைப் பாத்துப் போவுது. மொதல்ல நடைதான். பொறவு பையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு ஓட்டம். இந்நேரம் சொல்லியிருக்கும். அது சொன்னா அவம் நம்புவான்.